முடிச்சுப் போட்ட வயர்கள்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. கதவச் சாத்திக்கறனுங்க, ஏசி வெளிய போயிருமில்ல. ஏசி மிசினுக்குத்தான், நமக்கில்ல. நாம வேர்த்துச் செத்தாலும் கேக்க நாதியில்ல, பொட்டி சூடாச்சுன்னா முதலாளிக்கு நெஞ்சு அடைச்சுக்கும்.

பாஸ்வேர்டுதானுங்களே? தர்றேன். ரூம் சாவி? அதும் தர்றேன். மடியில கட்டிட்டுப் போயா செத்துக் கெடக்கப் போறேன்? ஆனா ஒண்ணு. இன்னொருத்தன் பாத்துட்டிருந்த நெட்வொர்க்க நாம வாங்கிப் பாக்கறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியோணும். படிப்புல அதச் சொல்லித் தர மாட்டாங்க. முன்னிருந்தவன் காலி பண்ணாத வீட்டுக்குள்ள நாம சட்டி பானையோட குடி போறாப்லீங்க அது.

கீழ என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். கோவக்காரன்னு சொல்லியிருப்பாங்க. ஒருத்தன் கைய முறிச்சுட்டான்னு சொல்லியிருப்பாங்க. முறிச்சேன். இல்லைங்கல. ஏன் முறிச்சேன்னு ஒருத்தராவது சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. அடிச்சவனத்தான் ஊரே பாக்கும், அடிக்க வெச்சவன யாரும் பாக்கறதில்லீங்க.

என்ற பேரு திருமூர்த்தி. சொந்த ஊரு உடுமலைப் பக்கம். இங்க வர்றதுக்கு முந்தி ஒரு நூல் மில்லுல இதே வேலைதான் பாத்துட்டிருந்தனுங்க. அங்க மேனேஜரு ஒரு வார்த்தை எச்சாப் பேசிப்போட்டாரு, பல்லு ஒண்ணு போயிருச்சு. அவருக்குத்தான். அது வேற கதை, அத விடுங்க. நான் தானாச் சண்டைக்குப் போற ஆளே இல்லீங்க. என்ற பொண்டாட்டியக் கேட்டீங்கன்னாச் சொல்லுவா. இப்ப அவ பல்லடத்துல அவங்கம்மா வீட்ல இருக்கறா. இங்க இருந்தாக் கேட்டிருக்கலாம்.

இந்தப் பனியன் கம்பெனிக்கு மொத மொத நெட்வொர்க் போட்டது அருணகிரின்னு ஒருத்தன். வயசுல பெரியவன்தான், ஆனா எனக்கு அவன் இவன்தான், நீங்க அதத் தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளையுஞ் சொள்ளையுமா இருப்பான், மீசைக்குச் சாயம் அடிச்சிருப்பான். வாய் மட்டும் அடங்காது. முதலாளியோட மருமகன் வந்து ஆபீஸப் பொறுப்பெடுத்ததும், 'எல்லாத்தையும் எழுதிக் குடுங்க, நாளைக்கு நீங்க இல்லீன்னாலும் வேலை நிக்கக் கூடாது'ன்னாரு. அதுக்கு இவன், 'நிக்கட்டும்னுதானுங்க எழுதாம வெச்சிருக்கறேன்'னு ஆபீஸ் முன்னால சொல்லிச் சிரிச்சானாம். அந்தச் சிரிப்புக்குத்தான் வேலை போச்சு. அந்த எடத்துக்கு மருமகன் என்னைப் போட்டாரு.

மொதல் நாள் காலையில எனக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுக்கறதுக்கு வந்தான். வந்ததும் வராததுமா, 'வா திருமூர்த்தி, மொதல்ல இந்தத் துண்டுகளப் பாத்துக்க'ன்னான். பாத்துக்கங்கன்னு சொன்னா வாய் தேஞ்சா போயிரும்? மூணு வருசம் டிப்ளமா படிச்சவனுங்க நான். 'எனக்கே பாத்துக்கத் தெரியும், நீங்க கெளம்புங்க'ன்னேன். அவன் கோவப்பட்டிருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல. கதவுகிட்ட நின்னு சிரிச்சான். 'கண்ணு இருக்கறவனுக்கு எல்லாம் வயர்லயே இருக்குது'ன்னு சொல்லீட்டு, சட்டைக் கைய மடிச்சு உட்டுட்டுப் போயிட்டான்.

அவன் போனதுக்கப்புறம் வயரெல்லாம் வந்து சேர்ற இந்த ராக்கத் தொறந்து பாத்தனுங்க.

வயர் வயரா முடிச்சு தம்பி. கட்டிங்ல வெட்டி மீந்த பனியன் துண்டுகள எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு வயர்லயும் ஒண்ணொண்ணாக் கட்டி வெச்சிருந்தான். பச்சை, மஞ்சள், செவப்பு, ஊதா. அதுலயும் ஒண்ணுல ஒரு முடிச்சு, இன்னொண்ணுல ரெண்டு, மூணு. அழுக்கேறிப் போய்த் தொங்குது. எங்க பெரியப்பன் வீட்டு வாசப்படியில இப்படித்தான் ஒருக்கா துணி முடிச்சு கெடந்துச்சு. அதுக்கப்புறம் அந்தக் கட்டுத்தறியில ஒரு மாடு தங்கல. செய்வினை வெச்சிருக்கறான்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. தன்னோட எடத்துக்கு எவன் வந்தாலும் வெளங்கக் கூடாதுன்னு வேலைய விட்டுப் போறப்ப செஞ்சு வெச்சுட்டுப் போயிருக்கறான்.

நீங்க படிச்சவரு, நம்ப மாட்டீங்க. நானும் படிச்சவன்தான். மொத வாரமே யூபிஎஸ்ஸத் தொட்டேன், தூக்கி அடிச்சுது. ஆஃப் பண்ணீட்டுத் தொட்டிருக்கோணும்னு சொல்லுவீங்க. இத்தனை வருசமா நான் ஆன்லதான தொட்டுட்டிருக்கறேன், அப்பெல்லாம் அடிக்கலையே? அப்புறம் ஏணியில இருந்து வழுக்கித் தாடை கிழிஞ்சுது, இந்தாங்க, தையல் தெரியுதா? அந்த வாரமே பொண்டாட்டியும் சண்டை போட்டுட்டுப் பல்லடம் போயிட்டா. ஒரு அறைதான் உட்டிருப்பேன், அதுக்குப் பொட்டியக் கட்டிட்டாங்க. எல்லாம் ஒண்ணா நடக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கோணுமில்ல.

ஷிப்பிங்ல பிருந்தான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. ஒரு நாள் அவங்க கம்ப்யூட்டர்ல நெட் வர்லைன்னு மேல வந்துச்சு. நான் எந்த வயர்னு தேடிட்டிருக்கறேன், அந்தப் பொண்ணு ராக்க எட்டிப் பாத்துட்டு, 'அண்ணா, எங்களுது மஞ்சத் துண்டுங்கண்ணா, அருணகிரி சார் மஞ்சளத்தான் பாப்பாரு'ங்குது. பாருங்க, அந்தப் பொண்ணு வரைக்கும் தெரிஞ்சிருக்குது! ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்குது, எனக்குத்தான் யாரும் சொல்லல. 'அவனோட கூட்டுச் சேந்துட்டு என்கிட்டயே வந்து மஞ்சங்கறயா, கீழ எறங்கு'ன்னு ஒரு சத்தம் போட்டேன். பொண்ணு அழுதுட்டே ஓடிருச்சு.

காங்கயம் பக்கம் ஒரு பூசாரிகிட்டப் போனனுங்க. நான் விசயத்த முழுசாச் சொல்றதுக்குள்ளயே அவரு கண்ண மூடிட்டாரு. 'ஒரு முடிச்சக்கூட உடக் கூடாது, அமாவாசை உச்சி வேளையில அறு, யாருகிட்டயும் பேசாத, பொறத்தால கொண்டு போய்க் கொளுத்து'ன்னாரு.

அமாவாசையன்னைக்கு ஆபீஸே சாப்பிடப் போயிருந்த நேரம். கதவச் சாத்திட்டு ஆரம்பிச்சேன். இறுக்கிக் கட்டியிருந்தான் பாவி. வயரப் புடுங்கினாத்தான் கட்டர் உள்ள நுழையும். ஒவ்வொண்ணாப் புடுங்கினேன், அறுத்தேன், புடுங்கினேன், அறுத்தேன். கட்டர் வழுக்கிக் கட்டை வெரலு பொளந்துருச்சு. ரத்தம் சொட்டச் சொட்டத்தான் அறுத்தனுங்க. எனக்கு அப்ப வலிக்கல. ஒவ்வொரு முடிச்சும் அருணகிரியோட கழுத்து மாதிரி இருந்துச்சு. எல்லாத்தையும் கூட்டி அள்ளி, கேன்டீனுக்குப் பின்னால கொண்டு போய்ப் பெட்ரோல் ஊத்திப் பத்த வெச்சேன். பனியன் துணி சீக்கிரம் புடிச்சுக்கும். நின்னு பாத்தேன், மனசு அப்படியே குளுந்து போச்சு.

வந்து வயரெல்லாம் மறுக்கா சொருகினேன். எப்படிச் சொருகினீங்கன்னா கேக்கறீங்க? காலியா இருக்கற ஓட்டையிலதான் சொருகினேன். எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் கலர் வயரு, எந்த ஓட்டையில போனா என்ன?

அன்னைக்கே, ஆபீஸ் சாப்பிட்டுட்டு வந்து உக்காந்ததும் எல்லாம் நின்னு போச்சு.

ஒரு கம்ப்யூட்டரு இன்னொண்ணோட பேச மாட்டேங்குது. பிரின்டர் வேலை செய்யல. சர்வரு இருக்குதா செத்துச்சான்னே தெரியல. கீழ பாத்தா ரெண்டு கண்டெய்னர் லாரி சரக்கு ஏத்திட்டு நிக்குது, தூத்துக்குடிக்குப் போகோணும், கப்பல் காத்துட்டிருக்காது. இன்வாய்ஸ் எடுத்தாத்தான் கேட்டுல வெளிய உடுவாங்க. இன்வாய்ஸ் வர மாட்டேங்குது. நானும் புடுங்கிப் புடுங்கிச் சொருகறேன். மாத்தி மாத்திச் சொருகறேன். சொருகச் சொருக மோசமாகுது. ஸ்விட்ச்ல இருக்கற லைட்டெல்லாம் பைத்தியம் புடிச்சாப்ல மின்னுது.

லாரி டிரைவரு ஒருத்தன், தெக்கத்திக்காரன், நேரா மேலயே ஏறி வந்துட்டான். 'ஏலே, பேப்பர் தருவியா மாட்டியா'ன்னான். நானே நொந்து போய் நிக்கறேன், இவன் ஏலேங்கறான். கையில இருந்த கீபோர்டாலயே மூஞ்சியில உட்டேன். கீபோர்டு ரெண்டாப் போச்சு, எழுத்துக் கட்டையெல்லாம் தெறிச்சு மாடிப்படியில உருளுது. அவன் சும்மா இருப்பானா? என்ற சட்டையப் புடிச்சு இழுத்து, இந்தச் செவுத்துல கொண்டு வந்து மோதினான். ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டோம். பிரிச்சு உட்டப்ப அவனுக்கு மூக்குல ரத்தம், எனக்குக் காதுல.

அப்பத்தான் மருமகன் வந்தாரு. ஷிப்பிங் புள்ளைங்க, அக்கவுண்ட்ஸ் ஆளுங்க, கேன்டீன் அம்மா, எல்லாரும் படியில நின்னு பாக்கறாங்க. என்ற கன்னத்துல ஓங்கி ஒண்ணு உட்டாரு. என்னை வேலைக்கு எடுத்தவரு. 'அந்தாளு இருந்த வரைக்கும் ஒரு நாள் நின்னுச்சாடா'ன்னாரு.

அவர நான் திருப்பி அடிக்கலீங்க. நான் அடிக்க முடியாதவன்னு நெனைக்காதீங்க, அவரு என்ற நெஞ்சு ஒசரந்தான் இருப்பாரு. சம்பளம் குடுக்கற கை, அத எப்படி அடிக்கறது? இந்த அறை யாருக்குப் போக வேண்டியது, சொல்லுங்க. செய்வினை வெச்சவனுக்குப் போக வேண்டியது. நான் அத எடுத்துட்டு வண்டியில ஏறினேன். அவ்வளவுதான். கொண்டு போய்ச் சேத்தேன்.

அருணகிரி அப்ப அனுப்பர்பாளையத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒண்ணு போட்டிருந்தான். நான் போனப்ப ஏதோ மானிட்டரத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தான், அவன் சம்சாரம் டம்ளர்ல காபி ஊத்திட்டிருந்துச்சு. என்னைப் பாத்ததும் எந்திரிக்கக்கூட இல்ல. 'என்ன திருமூர்த்தி, எந்த வயரு எதுன்னு தெரியலையா? வா, காபி குடி'ன்னு சிரிச்சான். அதே சிரிப்பு. தெரியலையான்னு கேக்கறான்னா, ஆபீஸ் நின்னது அவனுக்கு எப்படித் தெரியும்? யாரும் போன் பண்ணியிருக்க மாட்டாங்க. செஞ்சவனுக்குத்தான தெரியும்?

மூஞ்சிய மட்டும் பாத்து அடிச்சேன். சேரோட சாஞ்சான். எழுந்திரிச்சு வெளிய ஓடப் பாத்தான், இடுப்புல ஒரு ஒதை உட்டேன், கடை வாசல்ல குப்புற உழுந்தான். சோத்துக்கை வாசப்படி மேல இருக்குது. மேல பாத்தேன், ஷட்டரு. இழுத்தேன்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்குதுங்க. ஷட்டர் சத்தத்தச் சொல்றேன்.

'எப்படி எடுக்கறதுன்னு சொல்லு, நெட்வொர்க்குல நீ கட்டி வெச்சத எடு'ன்னு கேக்கறேன், அவன் கத்தறான். என்ன கத்தறான் தெரியுங்களா? 'பச்சை கட்டிங், மஞ்சள் ஷிப்பிங், செவப்பு அக்கவுண்ட்ஸ், ஊதா ஸ்டோரு, ஒரு முடிச்சு கீழ் ஃப்ளோரு, ரெண்டு முடிச்சு மேல் ஃப்ளோரு'ன்னு ஒரே மூச்சுல சொல்றான். நிறுத்தவே இல்ல, திரும்பத் திரும்ப அதையே சொல்றான். அந்த நெலைமையிலும் மந்திரத்த உட மாட்டேங்கறான் பாருங்க! அவன் சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் தலைக்கேறிருச்சு. ஷட்டரோட அடிப்பட்டை மேல ஏறி நின்னேன். அவன் சம்சாரம் என்ற காலப் புடிச்சுட்டு, 'அதான் சொல்றாருங்களே, சொல்றாருங்களே, உட்ருங்க சாமி'ன்னு கதறுது. அந்தம்மாவுக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்குது. அவன் வாய் நிக்கற வரைக்கும் நான் எறங்கல.

கேஸ் எதும் இல்லீங்க. அதத்தான் நீங்க கவனிக்கோணும். அவன் போலீசுக்கே போகல. முதலாளியே நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையருங்க கம்பெனியப் பாக்க வர்ற சமயம், இப்ப அடிதடி கேஸுன்னா ஆர்டர் போயிரும்னு கெஞ்சி, செலவப் பூரா அவரே ஏத்துக்கிட்டாருன்னு பேசிக்கறாங்க. நான் அத நம்பல. குத்தமில்லாதவன் கேஸ் குடுக்காம இருப்பானா? நீங்களே சொல்லுங்க. என்னை ஏன் வேலைய விட்டு அனுப்பலைங்கறீங்களா? அனுப்பினா நான் வெளிய போய் வாயத் தொறந்துருவன்னு மருமகனுக்குப் பயம். நான் மெரட்டல, சும்மா ஒருக்கா ஞாபகப்படுத்தினேன்.

மக்கா நாளு விடிஞ்சதும் கோயமுத்தூர்ல இருந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்து எல்லாத்தையும் சரி பண்ணீட்டுப் போனாங்க. ஒரு வயரோட ரெண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்ல சொருகியிருந்துச்சாம், அதனாலதான் மொத்தமும் படுத்துருச்சாம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நான் போயி அப்படிச் சொருகுவனுங்களா? டிப்ளமா படிச்சவன் சொருகுவானா? கண்ணக் கட்டிச் சொருக வெச்சிருக்கறான். அவன் கை போனதும் கட்டு உட்டுப் போச்சு, மக்கா நாளே எல்லாம் ஓட ஆரம்பிச்சுருச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

அதுலிருந்து பாருங்க, ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல. யாருக்கும் நெட் போறதில்ல, பிரின்டர் நிக்கறதில்ல. ஒருத்தரும் மேல வந்து அது சரியில்ல, இது சரியில்லைன்னு நிக்கறதில்லீங்க. நான் கீழ எறங்கிப் போனா எல்லாரும் எந்திரிச்சு வழி உடறாங்க. என்னமோ அவங்கவங்க போன்லயே மெயில் அனுப்பிக்கறாங்க, பென் டிரைவ்ல கொண்டு போய்க் கொண்டு வந்துக்கறாங்க, அது அவங்க பழக்கம். பிருந்தா வேலைய உட்டுருச்சு. கல்யாணமா இருக்கும். இந்த அளவுக்கு ஒரு ஆபீஸக் கட்டி நிறுத்தியிருக்கறேன். இப்பப் போயி, 'நீ ரெஸ்ட் எடு திருமூர்த்தி, புதுசா ஒரு தம்பி வர்றாப்ல, எல்லாத்தையும் ஒப்படைச்சுரு'ங்கறாங்க. நெஞ்சு பொறுக்குதா சொல்லுங்க.

உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க தம்பி. வந்ததுல இருந்து வாங்க போங்கன்னுதான் பேசறீங்க, மருவாதி தெரிஞ்ச புள்ளை. ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்த ராக்கப் பாருங்க. கோயமுத்தூர்க்காரங்க ஒட்டின சீட்டெல்லாம் பாதி உதுந்து போச்சு. எது ஷிப்பிங்குக்குப் போகுது, எது ஸ்டோருக்குப் போகுது, எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நானா எதையும் தொடறதில்ல. நீங்க எப்படிக் கண்டுபுடிப்பீங்க?

சார் கூட இருந்து சொல்லுவாருங்கறீங்களா?

எந்தச் சாருங்க? மருமகனுக்கு இதுல ஒரு எழவும் தெரியாதுங்களே. முதலாளிக்கு மவுஸ் புடிக்கத் தெரியாது. யாரு சொல்லுவாங்க? கீழ உக்காந்திருக்காரா? உங்க கூடத்தான் கார்ல வந்தாரா?

பேரச் சொல்லுங்க. கதவ எதுக்குப் பாக்கறீங்க, பேரச் சொல்லுங்க.

அருணகிரி.

அவனுக்குச் சோத்துக்கை வெரலு மடங்காதே. சம்சாரம்தான் சோத்த ஊட்டி உடுதுன்னு கேள்விப்பட்டனே. அவன் எப்படி இங்க வந்து... ஓ. அவன் சேர் போட்டு உக்காந்துட்டு வாயில சொல்லுவான், நீங்க பக்கத்துல நின்னு கையில செய்வீங்க. அதானுங்களா ஏற்பாடு? மருமகன் போட்ட ஏற்பாடா? அந்த ஆளக் கூட்டிட்டு வர்றதுக்கு என்கிட்டச் சாவி வாங்கிட்டு வரச் சொல்லி உங்கள அனுப்பினாங்களா?

அப்ப நான் முறிச்சதுக்கு என்னதான் அர்த்தம்? முறிச்சுப் போட்ட எடத்துல புதுசா ஒரு கை மொளச்சு வந்து என்ற முன்னால உக்காந்திருக்குது, வாங்க போங்கன்னு பேசுது. எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி. நெசமாவே சொல்றேன். இந்த ரூம உட்டா நான் எங்க போறது? பல்லடத்துல கதவத் தொறக்க மாட்டாங்க. மில்லுல கேட்டுகிட்டயே நிறுத்திருவாங்க. எனக்குன்னு இந்த ரூம்தான இருக்குது, இதையும் எடுத்து அவன் கையில குடுத்துட்டு நான் எங்கீங்க போவேன்?

உக்காரு. போன எடுக்காத. தானே ஏறி வந்து என்கிட்டச் சாவி வாங்கிக்க அவனுக்குத் தெம்பில்ல. அதுக்குத்தான உன்னைப் புடிச்சுட்டு வந்திருக்கறான். பாஸ்வேர்டத் தர்றன்னு சொன்னேன், தர்றேன், நான் சொன்ன சொல்லு மாறினதில்ல. மொதல்ல அந்த ரெண்டு கையையும் எடுத்து மேசை மேல வெய்யி.